ஆறாத வடு
கவிஞர் அலெக்சாண்டர் போப்பின் வாழ்க்கை

சுடுசொல் விட்டுச்செல்லும் தழும்பைப் பற்றி வள்ளுவப் பெருந்தகை பாடிய குறளை அறியாத தமிழ் மாணவி இருக்க முடியாது. அக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்துத் தந்த ஜி. யு. போப் ஐயரையும் நாம் அறிவோம். அவர் பிறப்பதற்கு ஏறத்தாழ 130 ஆண்டுகளுக்கு முன் லண்டன் மாநகரில் இன்னொரு போப் பிறந்தார். அவர் குருவானவர் அல்லர், கவிஞர். உருவத்தில் சிறியவர், புகழில் தம் காலத்து ஆங்கிலக் கவிஞர் அனைவரையும் விஞ்சியவர். அந்தக் குறள் கூறும் வடுவைத் தம் வாழ்நாள் முழுவதும் நெஞ்சில் சுமந்தவர். வருந்தத்தக்க செய்தி என்னவென்றால், அதே வடுவைப் பிறர் நெஞ்சிலும் பதித்தவர் அவர். அவருடைய வாழ்க்கையை இப்பக்கங்களில் காண்போம்.

பிறப்பும் பிணியும்

அலெக்சாண்டர் போப் 1688-ஆம் ஆண்டு மே மாதம் 21-ஆம் நாள் பிறந்தார். தந்தை லினன் துணி வணிகர். அவர் பெயரும் அலெக்சாண்டர்தான். தாயார் எடித் அம்மையார். இருவரும் கத்தோலிக்கர். மகன் பிறந்தபோது தாய்க்கு வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. காலங்கடந்து பிறந்த பிள்ளையைப் பெற்றோர் கண்ணின் மணியாய் வளர்த்தனர்.

அந்த 1688-ஆம் ஆண்டு இங்கிலாந்துக் கத்தோலிக்கருக்குக் கெட்ட ஆண்டு. கத்தோலிக்க மன்னர் இரண்டாம் ஜேம்ஸ் அவ்வாண்டில்தான் நாட்டை விட்டு ஓடினார். அதன்பின் கத்தோலிக்கருக்கு எதிரான சட்டங்கள் இறுகின. அவர்கள் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற முடியாது. அரசுப் பதவி வகிக்க முடியாது. லண்டனுக்குப் 10 மைல் சுற்றளவில் குடியிருக்கவும் கூடாது. ஆகவே போப்பின் குடும்பம் நகரை விட்டு, வின்சர் காட்டின் ஓரத்திலிருந்த பின்ஃபீல்டு என்னும் ஊரில் குடியேறிற்று. சிறுவன் போப் தன் அத்தையிடம் எழுத்தறிந்தான். சிறிது காலம் சில பள்ளிகளில் பயின்றான். மற்றதையெல்லாம் வீட்டிலேயே தானாகக் கற்றான். இலத்தீன், கிரேக்கம், பிரெஞ்சு, இத்தாலியம் ஆகிய மொழிகளை அகராதியோடு போராடிப் படித்தான்.

சிறு வயதில் அவன் குரல் மிக இனிமையாக இருந்ததால், குட்டி இராப்பாடிப் பறவை என்று பெரியவர்கள் செல்லமாக அழைத்தார்களாம். முதன்முதலில் கிடைத்த பட்டப்பெயர் இவ்வளவு அழகானது! பின்னர் கிடைத்தவற்றை நினைத்தால் நமக்குக் கண் கலங்குகிறது.

ஏறத்தாழ 12 வயதில் அவனை ஒரு கொடிய நோய் பற்றியது. அது முதுகெலும்பைத் தாக்கும் காசநோய். காசநோய்க் கிருமியை ராபர்ட் காக் கண்டறிந்தது 1882-இல்தான். ஆகவே அந்நாளைய மருத்துவருக்கு நோயின் காரணமே விளங்கவில்லை. காய்ச்சாத பாலின் வழியாகவும் இந்நோய் பரவக்கூடும் என்று இன்றைய மருத்துவம் கூறுகிறது. நோய் சிறுவனின் முதுகெலும்பை வளைத்தது, வளர்ச்சியைத் தடுத்தது. வாழ்நாள் முழுவதும் அவருடைய உயரம் 4 அடி 6 அங்குலமே. முதுகில் கூன் விழுந்தது. ஓயாத தலைவலி, மூச்சுத் திணறல், எலும்பு வலி ஆகியவை உடன்பிறந்தவை போல் ஒட்டிக்கொண்டன.

அவருடைய ஒரு நாள் எப்படிக் கழிந்தது என்பதை அறிந்தால்தான் அவர் எழுதியவற்றின் அருமை நமக்குப் புரியும். காலையில் பிறர் உதவியின்றி உடை உடுத்த இயலாது. விறைப்பான முரட்டுத் துணியால் தைத்த இறுக்குச் சட்டையை அணிவித்து நாடாவால் கட்டினால்தான் நிமிர்ந்து உட்கார முடியும். மெலிந்த கால்கள் தெரியாமலிருக்க மூன்று சோடிக் காலுறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டுவார். உணவு மேசையில் மற்றவர்க்குச் சமமாக அமர உயரமான ஆசனம் போட வேண்டும். தலைவலி மிகும்போது காப்பியின் ஆவியைப் பிடிப்பார். 1740-ஆம் ஆண்டின் கடுங்குளிரில், உதித்த கருத்து மறந்துபோகாமல் எழுதிவைக்கத் தாள் வேண்டுமென்று ஒரே இரவில் நான்கு முறை பணிப்பெண்ணை எழுப்பினார் என்றும் ஒரு செய்தி உண்டு. அவ்வாறு எழுப்பியதற்குத் தாராளமாகப் பணம் கொடுப்பார் என்பதால் பணிப்பெண்கள் முகம் சுளிப்பதில்லை.

முதல் அடி

போப்பின் முதல் கவிதைகள் 1709-இல் அச்சாயின. 1711-இல், 23-ஆம் வயதில், கவிதைத் திறனாய்வைப் பற்றி ஒரு செய்யுள் நூல் வெளியிட்டார். அறிஞர் உலகம் வியந்தது. அந்நூலில் ஜான் டென்னிஸ் என்ற மூத்த விமர்சகரின் முன்கோபத்தை அவர் இரண்டொரு வரிகளில் கிண்டல் செய்திருந்தார். இளமைத் துடுக்கு என்றே அதனைச் சொல்ல வேண்டும்.

டென்னிஸ் உடனே ஒரு துண்டுப் பிரசுரம் எழுதினார். நூலில் உள்ள பிழைகளைக் காட்டியதோடு அவர் நின்றிருந்தால் அது முறையான விமர்சனமாக இருந்திருக்கும். அவரோ கவிதையை விட்டுவிட்டுக் கவிஞரின் முதுகைப் பிடித்துக்கொண்டார். கூன் விழுந்த தேரை என்று ஏசினார். பழங்கிரேக்க நாட்டில் பிறந்திருந்தால் இப்பிள்ளையைப் பெற்ற தந்தையே உயிரோடு விட்டிருக்க மாட்டான் என்னும் பொருள்பட எழுதினார். படித்தவர்கள் சிரித்தார்கள். ஒருவருடைய முன்கோபத்தைப் பற்றிய கேலிக்கு மற்றவருடைய நோயைப் பற்றிய கேலி பதிலாயிற்று.

இவ்விரண்டு கேலிகளும் ஒன்றா? முன்கோபத்தை மனிதன் அடக்கலாம். வளைந்த முதுகெலும்பை எந்த முயற்சியால் நிமிர்த்துவது? திருத்திக்கொள்ளக் கூடிய குற்றத்தைச் சுட்டும் சிரிப்பு சில வேளை மருந்தாகும். திருத்த இயலாத உடலைச் சுட்டும் சிரிப்பு அடியாக மட்டுமே விழும்.

சிரிப்பின் நல்ல முகம்

போப் சிரிப்பை வெறுத்தவர் அல்லர். இன்னும் சொல்லப்போனால் அவரைப் போலச் சிரிக்க வைத்த ஆங்கிலக் கவிஞர் மிகச் சிலரே. அக்காலத்தில் பீட்டர் பிரபு என்ற இளைஞர் அரபெல்லா ஃபெர்மர் என்ற நங்கையின் கூந்தலில் ஒரு சுருளை விளையாட்டாகக் கத்தரித்துவிட்டார். இரண்டும் கத்தோலிக்கக் குடும்பங்கள். அற்ப விளையாட்டு பெரும் பகையாக மூண்டது. இரு வீட்டாரையும் சிரிக்கவைத்துச் சமாதானப்படுத்துமாறு ஜான் கேரில் என்ற நண்பர் கேட்டுக்கொள்ள, போப் அந்தக் கூந்தல் திருட்டை ஒரு பெரும் போர்க் காவியம் போலப் பாடினார். 1712-இல் வெளியாகி, 1714-இல் விரிவாக்கப்பட்ட அந்நூல் இன்றும் ஆங்கில இலக்கிய மாணவரின் பாடநூலாக விளங்குகிறது.

1713-இல் கார்டியன் என்ற இதழில், குள்ளர்கள் கூடி அமைத்த ஒரு கழகத்தைப் பற்றி அவர் வேடிக்கைக் கட்டுரைகள் எழுதினார். அதில் வரும் குட்டிக் கவிஞர் வேறு யாருமல்லர், போப்பே. தம் மெலிந்த கைகால்களைத் தாமே சிரித்துக்கொண்டார். தம்மைப் பற்றித் தாமே சிரிப்பது அவருடைய உரிமை. அதனைக் கண்ட ஊரார், தாங்களும் அவ்வாறே சிரிக்கலாம் என்று எண்ணிக்கொண்டது தவறு. நம்மிடையேயும் தன் குறையைத் தானே சொல்லிச் சிரிக்கும் தோழி இருக்கலாம். அவள் நம் சிரிப்புக்கு உரிமச் சீட்டு எழுதித் தந்துவிட்டதாக நாம் கொள்ளலாகாது.

காவியத்தில் ஒரு கூனன்

1715-ஆம் ஆண்டு முதல் 1720-ஆம் ஆண்டு வரை ஆறு தொகுதிகளாக ஹோமரின் இலியட் காவியத்தைப் போப் ஆங்கிலச் செய்யுளில் தந்தார். ஏறத்தாழ 5,000 பவுன் வருவாய் கிடைத்தது. பிரபுக்களின் தயவை நாடாமல், எழுதியதை விற்றே செழிப்பாக வாழ்ந்த முதல் ஆங்கிலக் கவிஞர் என்று அவரைப் போற்றுவர்.

அக்காவியத்தின் இரண்டாம் படலத்தில் தெர்சிடீஸ் என்ற வீரன் வருகிறான். கால் ஊனம், தோள்கள் கூனியவை. அரசனை எதிர்த்துப் பேசியதற்காக யுலிசீஸ் செங்கோலால் அவன் முதுகில் அடிக்கிறான். படை முழுவதும் சிரிக்கிறது. கூன் முதுகுடைய கவிஞர் ஒருவர் மேசையருகே அமர்ந்து இந்த வரிகளை மொழிபெயர்த்த வேளையை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். அவன் உருவமே அவன் உள்ளத்தைப் பறைசாற்றுவதாகத்தான் போப்பும் எழுதினார்! உலகம் கற்பித்த பாடம் அவருக்குள்ளும் அவ்வளவு ஆழமாய் இறங்கியிருந்தது.

நம் கம்பர் காட்டும் மந்தரையை இங்கே நினைக்கிறோம். இராமன் இளமையில் விளையாட்டாக வில்லில் மண்ணுருண்டை வைத்து அவள்மேல் எய்தான். எய்தவன் மறந்தான்; பட்டவள் மறக்கவில்லை. முடிசூட்டு விழாவுக்கு முந்தைய இரவில் அந்த மண்ணுருண்டை அவள் நெஞ்சில் மீண்டும் உருண்டது என்று கம்பர் காட்டுவது எவ்வளவு கூர்மையானது! கைகேயியின் காதில் அவள் ஓதியது எவ்விதத்திலும் நியாயம் ஆகாது. ஆயினும் ஒரு சிறு விளையாட்டு எவ்வளவு நாள் உள்ளே உறங்கிக் கிடக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

பெயரும் மதமும் முதுகும்

தந்தை 1717-இல் காலமானார். மதம் மாறினால் பதவியும் பாதுகாப்பும் கிட்டும் என்று ஆங்கிலிக்க ஆயர் அட்டர்பரி அன்போடு எடுத்துரைத்தார். தம் தாயாரின் மனம் நோகும் என்று கூறிப் போப் மறுத்துவிட்டார். 1719-இல் தாயாரை அழைத்துக்கொண்டு தேம்ஸ் ஆற்றங்கரையில் ட்விக்கனம் என்னும் ஊரில் குடியேறினார். அங்கே அழகிய தோட்டம் அமைத்தார். வீட்டுக்கும் தோட்டத்துக்கும் இடையே சாலை குறுக்கிட்டதால், அதன் அடியில் ஒரு குகைவழி அமைத்துச் சிப்பிகளும் வண்ணக் கற்களும் பதித்தார். தம்மைக் குழந்தையில் வளர்த்த செவிலித்தாய் மேரி பீச் 1725-இல் இறந்தபோது, அவ்வூர்க் கோவிலில் அவருக்கு நினைவுக்கல் நாட்டினார். தாயாரை 1733-இல் அவர் இறக்கும்வரை உடனிருந்து காத்தார். குடும்பத்தில் அவர் எத்தகையவர் என்பதற்கு இவை போதும்.

ஆனால் எதிரிகள் அவர் வீட்டு வாசலுக்கு வந்து பார்க்கவில்லை. 1728-இல் மடையர்களின் காவியம் ஒன்றை அவர் வெளியிட்டு, தமக்குப் பிடிக்காத எழுத்தாளர்களை எல்லாம் அதில் ஏற்றினார். ஏளனத்துக்கு ஏளனம் கிளம்பியது. அவர் பெயரின் முதலெழுத்தோடு குடும்பப் பெயரின் முதலெழுத்தையும் ஈற்றெழுத்தையும் சேர்த்தால் ஆங்கிலத்தில் குரங்கைக் குறிக்கும் சொல் வரும். டென்னிஸ் முன்பே கண்டுபிடித்து வைத்த வேடிக்கை இது. 1729-இல் வெளியான ஒரு பிரசுரத்தின் முகப்பில், போப்பின் தலையும் குரங்கின் உடலும் கொண்ட ஓர் உருவத்துக்குப் பாப்பரசரின் மும்முடியைச் சூட்டிப் படம் போட்டார்கள். அவர் பெயர், அவர் மதம், அவர் முதுகு ஆகிய மூன்றும் ஒரே படத்தில் சிரிப்புப் பொருளாயின. உடற்குறையைப் பழிப்பவன் அதோடு நிற்பதில்லை; குலத்தையும் மதத்தையும் பெற்றோரையும் சேர்த்தே பழிப்பான். அன்று லண்டனில் நடந்தது இன்று எவ்வூரிலும் நடக்கக் கூடியதே.

வடுப்பட்டவர் வடுச் செய்தார்

மேரி வொர்ட்லி மாண்டகு சீமாட்டி ஒரு காலத்தில் போப்பின் நெருங்கிய தோழி. பெரியம்மையால் முகத்தில் தழும்பு ஏற்றவர். துருக்கி நாட்டில் கண்ட அம்மை குத்தும் முறையை 1721-இல் லண்டனில் தம் மகளுக்கே செய்வித்து இங்கிலாந்தில் பரப்பிய வீரப் பெண்மணி. நட்பு முறிந்தபின் போப் அவரைப் பற்றி எழுதிய வரிகள் இப்பக்கத்தில் எடுத்துரைக்கத் தகாதவை. சீமாட்டியும் ஹார்வி பிரபுவும் சேர்ந்து 1733-இல் ஒரு வசைக்கவி வெளியிட்டனர். வளைந்த முதுகு வளைந்த உள்ளத்துக்கு அடையாளம். காயீனின் நெற்றியில் இட்டதுபோல் இறைவனே இட்ட குறி அது என்பது அதன் சாரம்.

பிறவிக் குருடரைக் கண்ட சீடர்கள், இது யார் செய்த பாவத்தின் விளைவு என்று ஆண்டவரைக் கேட்ட நிகழ்ச்சியை யோவான் நற்செய்தி 9-ஆம் அதிகாரத்தில் வாசித்திருக்கிறோம். அவர் செய்ததும் அன்று, பெற்றோர் செய்ததும் அன்று என்பதே இயேசுவின் விடை. ஞாயிறுதோறும் கோவிலுக்குச் சென்ற பெருமக்கள் நிறைந்த நாட்டில் அந்த விடை மறக்கப்பட்டுப் போயிற்று.

போப் என்ன செய்தார்? 1735-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தம் மருத்துவ நண்பர் ஆர்பத்நாட்டுக்கு எழுதிய செய்யுள் கடிதத்தில் ஹார்வி பிரபுவைப் பழிவாங்கினார். ஹார்வி இளமை முதலே நோயாளி. வலிப்பு நோயை வெளியே தெரியாமல் மறைத்து அரசவையில் பணியாற்றியவர். மருத்துவத்துக்காகப் பால் முதலிய மெல்லிய உணவையே உண்டவர். அந்த வெளிறிய உடலையும் அந்தக் கழுதைப் பாலையும் போப் எள்ளி நகையாடினார். ஆங்கில மொழியின் மிகக் கூர்மையான வசைகளுள் ஒன்றாக அறிஞர்கள் அதனைக் குறிப்பிடுவர். கூர்மை உண்டு, மறுக்க முடியாது. ஆனால் இறுக்குச் சட்டை இல்லாமல் உட்கார முடியாத நோயாளி, பாலைக் குடித்து உயிர் பிழைத்த இன்னொரு நோயாளியைப் பார்த்து, நீ நோயாளி என்று சிரித்த காட்சி அது. பட்டவர் பட்டதை உணர்ந்து பிறர்க்குச் செய்யாதிருப்பார் என்று நாம் எதிர்பார்க்கிறோம். எப்போதும் அவ்வாறு நடப்பதில்லை. ஏளனம் தொற்று நோய்; தாக்கப்பட்டவரிடமிருந்தே அடுத்தவருக்குத் தாவுகிறது.

பழைய எதிரி டென்னிஸின் முடிவும் இரங்கத்தக்கது. முதுமையில் அவர் கண் பார்வை இழந்தார், வறுமையில் வாடினார். 1733-ஆம் ஆண்டு டிசம்பரில் அவருக்குப் பொருளுதவி செய்ய ஒரு நாடகம் நடத்தினர். அதற்கு முன்னுரைக் கவிதை எழுதிக் கொடுத்தவர் போப்! 22 ஆண்டுப் பகையை மறந்த பெருந்தன்மை என்று நாம் மகிழ்கிறோம். ஆனால் அந்தக் கவிதையை ஊன்றிப் படிப்பவர், உதவிக்குள்ளேயே சிறு ஊசிகள் ஒளித்து வைக்கப்பட்டிருப்பதைக் காண்பர். அடுத்த மாதமே டென்னிஸ் இறந்துபோனார். கையால் கொடுத்தபோதும் பழைய வடு நாவை முழுமையாக விடவில்லை.

எல்லாம் எனக்கு வேடிக்கை

1742-இல் அரசவைக் கவிஞரும் நடிகருமான காலி சிபர் ஒரு பிரசுரம் வெளியிட்டார். போப்பின் சின்னஞ்சிறு உடலை வைத்து ஒரு கதை சொல்லி லண்டனையே சிரிக்கவைத்தார். அக்கதையைச் சித்திரமாகத் தீட்டியும் விற்றனர். அப்போது போப்புக்கு வயது 54.

இத்தகைய பிரசுரம் ஒன்று அவர் கைக்கு வந்தபோது, ஓவியர் ஜொனத்தன் ரிச்சர்ட்சனும் அவர் மகனும் உடனிருந்தனர். இதெல்லாம் எனக்கு ஒரு பொழுதுபோக்கு என்று போப் அவர்களிடம் சொன்னார். பிறகு படிக்கத் தொடங்கினார். இருவரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தனர். படிக்கப் படிக்க அம்முகம் வேதனையால் நெளிந்தது. வீடு திரும்பியதும், அன்று போப்புக்கு வாய்த்த பொழுதுபோக்கு தமக்கு ஒருநாளும் வாய்க்காதிருக்கட்டும் என்று மகன் தந்தையிடம் கூறினாராம்.

இந்த ஒரு நிகழ்ச்சியை நாம் மறவாதிருந்தால் போதும். கேலிக்கு ஆளானவர் சிரிக்கிறார். ஆகவே அவருக்கு வலிக்கவில்லை என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம். புகழும் செல்வமும் ஈடற்ற சொல்லாற்றலும் பெற்ற மனிதர், 30 ஆண்டு பழகிப்போன கேலியைத் தம் வீட்டு நாற்காலியில் அமர்ந்து படித்தபோதே முகம் நெளிந்தார். அப்படியானால் வகுப்பறையின் கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் 11 வயதுச் சிறுமி, எல்லோரோடும் சேர்ந்து தானும் சிரித்துவிட்டு, கழிவறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு எவ்வளவு அழுவாள்?

சிலைகள் செதுக்கிய ரூபிலியாக் என்ற சிற்பி போப்பின் மார்பளவுச் சிலையை வடித்தவர். புருவத்துக்கு மேல் தோல் சுருங்கியிருந்த விதத்தைக் கண்டே, இவர் தலைவலியால் பெரிதும் துன்புற்றவர் என்று அவர் கூறினார். உற்றுப் பார்த்த கண்ணுக்கு வலி தெரிந்தது. சிரிக்கப் பார்த்த கண்களுக்குக் கூன் மட்டுமே தெரிந்தது.

முகம் கோணிய ஆசிரியர்

போப்பின் வாழ்வில் நாம் மனமாரப் போற்றும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1738-ஆம் ஆண்டு மே மாதம் லண்டனைப் பற்றிய ஒரு செய்யுள் பெயரில்லாமல் வெளியாயிற்று. படித்து மகிழ்ந்த போப், எழுதியவர் யார் என்று விசாரித்தார். யாரும் அறியாத ஜான்சன் என்ற ஏழை என்றார்கள். அந்த மனிதர் நெடுநாள் மறைந்திருக்க மாட்டார் என்று போப் கூறினார்.

அந்த சாமுவேல் ஜான்சனும் குழந்தையிலேயே காசநோய்க் கழலையால் முகத்தில் தழும்பேறியவர், பார்வை குன்றியவர். அவருடைய முகமும் கைகளும் அவரையறியாமல் துடித்துக் கோணும். ஆசிரியர் வேலைக்கு அவர் விண்ணப்பித்தபோது இரண்டு ஊர்ப் பள்ளிகள் மறுத்துவிட்டன. காரணம் அவர் கல்விக் குறைவு அன்று. முகக்கோணலைக் கண்டு மாணவர் பழகிக்கொள்வர், கேலி செய்வர் என்ற அச்சம்! மாணவர் சிரிப்புக்கு அஞ்சி, ஆங்கில நாட்டின் தலைசிறந்த அறிஞராக ஆகவிருந்தவரைப் பள்ளி வாசலிலேயே திருப்பி அனுப்பினர். அவரே தொடங்கிய சிறு பள்ளியும் 1737-இல் மூடப்பட்டது.

போப் ஜான்சனை நேரில் கண்டதில்லை. கேட்காமலேயே, ஜான்சனுக்குத் தெரியாமலேயே, அவருக்கு ஒரு பள்ளி ஆசிரியர் பதவி கிடைக்கும்படி கோவர் பிரபுவிடம் பரிந்து பேசினார். முயற்சி பலிக்கவில்லை. அதைப் பற்றி ரிச்சர்ட்சனுக்கு எழுதிய சிறு குறிப்பில், ஜான்சனுக்கு வலிப்புப் போன்ற ஒரு நலக்குறைவு இருப்பதைப் போப் இரக்கத்தோடு தெரிவிக்கிறார். கேலி இல்லை, கிண்டல் இல்லை, அடைமொழி இல்லை. குறையைச் சொல்லவே கூடாது என்பதில்லை. உதவி செய்யச் சொல்லும் சொல்லும், சிரிக்கச் சொல்லும் சொல்லும் ஒன்றாகா. எத்தனையோ பேரை வசைபாடிய அதே பேனா அன்று எவ்வளவு மென்மையாக எழுதிற்று!

பல ஆண்டுகள் கழித்து இக்குறிப்பைப் பற்றி அறிந்த ஜான்சன் பெருமிதம் கொண்டார். 1755-இல் புகழ்பெற்ற ஆங்கில அகராதியைத் தந்த அவரே, 1781-இல் போப்பின் வாழ்க்கை வரலாற்றையும் எழுதினார். இறுக்குச் சட்டையையும் மூன்று சோடிக் காலுறையையும் ரிச்சர்ட்சன் கண்ட காட்சியையும் நாம் அறிவது அந்நூலின் வழியாகத்தான்.

இறுதி நாள்

1744-ஆம் ஆண்டு மே மாதத்தில் போப்பின் உடல் முற்றிலும் தளர்ந்தது. குருவானவரை வரவழைத்து இறுதித் திருவருட்சாதனங்களைப் பெற்றார். மே 30-ஆம் நாள், 56-ஆம் வயதில், அமைதியாக உயிர் நீத்தார். ட்விக்கனம் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். தம் உடலை அவ்வூரின் மிக ஏழைகளான ஆறு பேர் சுமந்து செல்ல வேண்டும் என்றும், அவர்கள் ஒவ்வொருவருக்கும் ஓர் உடை தைத்துக் கொடுக்க வேண்டும் என்றும் உயிலில் எழுதிவைத்திருந்தார். வாழ்நாளெல்லாம் ஊர் சிரித்த அந்தச் சிறிய உடல், ஏழைகளின் தோளில் மரியாதையோடு சென்றது.

நாம் கொள்ள வேண்டியது

நம் நாட்டில் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 92-ஆம் பிரிவு, மாற்றுத்திறனாளி ஒருவரை இழிவுபடுத்தும் எண்ணத்தோடு பொதுப் பார்வையில் அவமதிப்பவருக்கு 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறையும் அபராதமும் விதிக்கிறது. 2024-ஆம் ஆண்டு ஜூலையில் நம் உச்ச நீதிமன்றம், திரைப்படங்களைப் பற்றிய ஒரு வழக்கில், மாற்றுத்திறனாளிகளை இழிவுபடுத்தும் நகைச்சுவை வேறு, அவர்களைப் புரிந்துகொள்ள உதவும் நகைச்சுவை வேறு என்று பிரித்துக் காட்டியது. போப்பின் குள்ளர் கழகக் கட்டுரையையும் டென்னிஸின் பிரசுரத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தால் இந்த வேறுபாடு நமக்கு எளிதில் விளங்கும்.

ஆனால் சட்டம் விளையாட்டு மைதானத்துக்கு வராது. வீட்டுக் கூடத்துக்கும் வராது. கணக்கில் தவறிய தங்கையை நாம் எப்படி ஏசுகிறோம்? கூப்பிட்டது கேட்காத தம்பியை என்ன சொல்லி அழைக்கிறோம்? பந்தைப் பிடிக்கத் தவறிய தோழிக்கு என்ன பட்டம் சூட்டுகிறோம்? செவிடு, குருடு, நொண்டி, திக்குவாய், பைத்தியம் என்று நம் நாவில் உருளும் சொற்கள் அனைத்தும் யாரோ ஒருவருடைய உண்மையான வாழ்க்கை. நாம் திட்டியது நல்ல காது உள்ள தம்பியையே ஆகலாம். அடுத்த வீட்டில் காது கேளாத மகளைப் பெற்ற தாய் அதனைக் கேட்கிறாள். தன் மகளின் நிலையே ஊருக்கு வசைச்சொல் என்று அறிகிறாள். பெற்றோரும் இதனை எண்ணிப் பார்த்தல் நலம். பிள்ளைகள் இச்சொற்களைப் பெரும்பாலும் நம் வீட்டிலிருந்தும் நம் திரைப்படங்களிலிருந்துமே எடுத்துச் செல்கின்றனர்.

சிரிக்க வேண்டாம் என்று போப்பின் வாழ்க்கை நமக்குச் சொல்லவில்லை. பகைத்த இரு குடும்பங்களைச் சேர்க்கப் பாடிய அந்தச் சிரிப்பு நமக்கும் வேண்டும். நம் ஆணவத்தையும் சோம்பலையும் பொய்யையும் பார்த்து நாம் தாராளமாகச் சிரிப்போம். பிறருடைய உடலில் இறைவன் அனுமதித்த சுமையைப் பார்த்து மட்டும் சிரியாதிருப்போம். நம்மைப் புண்படுத்தியவரை அதே கத்தியால் குத்தாதிருப்போம். யாரேனும் ஒருத்தி அத்தகைய கேலியைத் தொடங்கும்போது, அவளோடு சேர்ந்து சிரிக்காமல் மௌனமாக நிற்பதே போதுமான மறுப்பு. சிரிக்க ஆளில்லாத கேலி தானே அணைந்துவிடும். நாவைக் காத்து, நலிந்தவரைத் தாங்கி, எல்லோரையும் அவரவர் பெயர் சொல்லி அழைத்து வாழ்வோமாக!